சிவந்து மின்னிய ரத்தம்

சன்னாசியின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே தூக்க முடியாமல் தொங்கிவிட்டது. வயிற்றுவலி வேறு.

“தேயிலைக்கு அடிக்கிற மருந்துதான் என் புருஷன முடக்கிப் போட்டுச்சு!” என்று லயத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு தோட்டத்துத் துரையின் பங்களா முன் நின்றாள் அஞ்சலை.

“குடிச்சுக் கெட்டவன்” என்றார் துரை. எல்லார் முன்னிலையிலும் அஞ்சலை அவரைத் திட்டித் தீர்த்தாள். அன்றே அவளுக்கு வேலை போயிற்று.

புகாரை விசாரிக்க ஈப்போ நகரத்திலிருந்து ஒரு டாக்டர் புதுக் கருவியோடு வந்தார். மருந்தடிக்கும் எல்லாரிடமும் ஒரு துளி ரத்தம் எடுத்து நீல ஒளியில் சோதித்தார். சன்னாசியின் ரத்தம் மட்டும் சிவப்பாக மின்னியது.

“உடம்புல ஈயம் ஏறியிருந்தா இப்படி மின்னும்மா. தோட்டத்து மருந்துல ஈயம் இல்ல. பழைய லோரி ரேடியேட்டர்ல காய்ச்சுற சம்சு சாராயத்துலதான் இருக்கு.”

அஞ்சலை சிரித்தாள். “மெஷின் கெட்டுப் போச்சுலா, டாக்டர். இவரு முன்ன லோரி ஓட்டிட்டிருந்தப்ப, போதையில பின்னால எடுத்ததுலதான் எங்க மகன் சக்கரத்துல மாட்டிச் செத்தான். பிள்ளையோட பொணத்து மேல கைய வச்சு, இனிமே குடியத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணினவரு.”

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் சிரிப்பு நின்றது.

“நான் துரைகிட்ட சண்டை போட்டப்பகூட வாயத் தொறக்கலையே... எப்ப இருந்து?”

“அவன் கருமாதி அன்னைக்கு சாயந்திரத்துல இருந்து.”