ராஜினி போன்

என் கணவர் ரூபன் போகும் இடங்களின் வைஃபையெல்லாம் அவரது லப்டொப்பில் பதிந்திருந்தன. அவர் வேலை செய்யும் பரந்தன் கந்தோர், மாங்குளம் கிளை, வீட்டுக்கு என் போனின் ஹொட்ஸ்பொட். கூடவே ‘ராஜினி போன்’. ராஜினி அவருடைய முதல் மனைவி. இறந்து நான்கு வருடமாகிறது. அந்தப் போன் பற்றரி இல்லாமல் அலுமாரியில் கிடக்கிறது.

“இதை அழிக்கட்டே?” என்று கேட்டேன்.

“அது கிடந்திட்டுப் போகட்டுமன்.”

எனக்குச் சுட்டது. அவர் குளிக்கப் போனதும் அழித்தேன்.

மறுநாள் அக்கராயன் குளக்கட்டில் அளவெடுத்துவிட்டு வந்தார்.

“அங்க சிக்னலே இல்லை, நிரோஜா. ஆனா லப்டொப்பில நெட் தானா வந்திட்டுது.”

வாங்கித் திறந்து பார்த்தேன். பட்டியலில் முதலாவதாக ராஜினி இருந்தாள்.

என் போனின் பெயரைக் காணவில்லை.