மணிக்கு முந்தி

"மதினி மணி அடிக்கிற லட்சணத்தைப் பாத்தீங்களா பாய்?"

காலைத் தியானம் முடிந்து, ஐந்தருவி ரோட்டு மாடிக்கூடத்தின் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சண்முகநாதன் பொருமினார். வெளியே சாரல் பிடித்திருந்தது.

ஹபீபுல்லா குடையை விரித்தார். "என்ன குறை சார்?"

"உக்காந்து மனசு அடங்கல, அதுக்குள்ள டங்குனு அடிக்காக. எந்திரிச்சு நின்னா, கால் ஊனுததுக்குள்ள நடக்கச் சொல்லுதாக. நேத்து ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கு. பக்கத்துல கடிகாரம் எதுக்கு வச்சிருக்காக?"

"கண்ணை மூடித்தானே உக்காந்திருக்கோம்? உங்களுக்கு மட்டும் நேரம் எப்படித் தெரியுது?" பாய் சிரித்தார்.

"அண்ணாச்சி மணி அடிச்ச காலத்துல இப்படியா இருந்துது? நாளைக்கு அவுககிட்டயே சொல்லிருதேன்."

பாயின் சிரிப்பு நின்றது. "அது மட்டும் வேண்டாம் சார்."

நமசிவாயம் அண்ணாச்சிதான் இந்தக் கூடத்தை ஆரம்பித்தவர். உட்காருவது, நிற்பது, நடப்பது மூன்றையும் ஒரே தியானமாகக் கோத்துக் கொடுத்தவர். அந்த நாளில் ஒருமுறை கால் மரத்துப்போய்ச் சண்முகநாதன் பாதியில் எழுந்துவிட்டார்.

"உடம்பு சொல்லுதுன்னு எந்திரிக்காதலே. மணி சொல்லட்டும்" என்று வெளியே அனுப்பிவிட்டார் அண்ணாச்சி.

சாரலில் நனைந்துகொண்டு நின்றது, உள்ளே எல்லோரும் மெல்ல நடக்கும் காலடிச் சத்தம், ஈரச் சுவரின் வாசனை. வடக்கே வேலை பார்த்த காலமெல்லாம் அதை நினைத்து ஏங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றுத் தென்காசிக்கே திரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சியின் மனைவி கல்யாணசுந்தரி மதினியின் கையில் மணி இருந்தது. அண்ணாச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "ஏலே சண்முகம், எப்பலே வந்தே?" என்றார். மறுநாளும் அதையே கேட்டார். அதற்கு அடுத்த நாளும். பழைய கேலி என்று சண்முகநாதனும் ஒவ்வொரு முறையும் சிரித்தார்.

அடுத்த நாள் காலை, மதினியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று, உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

மதினி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியின் கை தரையைத் தடவியது. எங்கேயோ போகவேண்டியவர்போல முழங்காலை ஊன்றினார்.

டங்.

எல்லோரும் எழுந்தார்கள். அண்ணாச்சியும் எல்லோரோடும் எழுந்திருந்தார்.

நின்றவர், எதையோ தேடி வாசல் பக்கம் ஓர் அடி வைத்தார்.

டங்.

கூடம் முழுவதும் அவர் பின்னால் மெல்ல நடந்தது. ஜன்னலோரம் போய், இது எந்த இடம் என்பதுபோல விழித்து நின்றார்.

டங்.

எல்லோரும் நின்ற நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்கள். ஹபீபுல்லா அண்ணாச்சியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

முடிந்து படி இறங்கும்போது அண்ணாச்சி சண்முகநாதனின் தோளில் கை போட்டார்.

"ஏலே சண்முகம், எப்பலே வந்தே?"

பின்னால் வந்த மதினி, மணியை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு சண்முகநாதனின் வாயையே பார்த்தார்.

"இப்பதான் அண்ணாச்சி."

"எப்படி இருக்கு நம்ம கூடம்?"

"நீங்க நடத்துன மாதிரியே நடக்கு, அண்ணாச்சி."

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியாலே? இன்னைக்கும் மணிக்கு முந்தி ஒரு பய எந்திரிக்க மாட்டான்!"