சொந்தமாக ஒரு வார்த்தை

இந்த வெளிநாட்டில் தமிழ் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே போனில் மொழிபெயர்ப்பது என் பிழைப்பு. சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக்கூடாது. அதுதான் விதி.

மனைவி டீயை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஹெட்போனை மாட்டினேன்.

அன்று வந்தவன் ஓர் இளைஞன். பால்வினை நோய் டெஸ்ட்டில் வசமாக மாட்டியிருந்தான்.

“யாரோட பழக்கம்?” டாக்டரின் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“ஒரே ஒருத்தங்கதான் சார். கல்யாணமானவங்க.”

“புருஷனுக்குத் தெரியுமா?”

“அந்த ஆளா? பக்கத்து ரூம்லதான் சார் இருப்பாரு. காதுல ஹெட்போன். வீடே இடிஞ்சு விழுந்தாலும் கேக்காது. டீயைக் குடுத்துக் கதவைச் சாத்திட்டா, சாயங்காலம் வரைக்கும் எங்க ராஜ்ஜியம்தான்!”

எனக்குப் புரையேறியது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். டாக்டர் சிரித்தே விட்டார்.

“அந்தப் புருஷனும் கட்டாயம் டெஸ்ட்டுக்கு வரணும்” என்றார். அதையும் அவனிடம் சொன்னேன்.

“ஐயோ, அவர்கிட்ட யாரு சார் சொல்றது?”

எட்டு வருட சர்வீஸில் முதன்முறையாகச் சொந்தமாகப் பேசினேன்.

“சொல்லியாச்சு தம்பி. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன்.”