மெமரி போதவில்லை

ஆரணியில் ஜெகநாதனின் பட்டுக்கடையில் ஸ்வர்ணலதாதான் கம்ப்யூட்டர் பார்த்தாள். எல்லாக் கிளைகளின் விற்பனையையும் சேர்த்து ரிப்போர்ட் எடுக்க ரெஃப்ரெஷ் கொடுத்தபோது, மெமரி போதவில்லை என்று அது நின்றுவிட்டது. அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக்கொடுத்த சென்னைக் கம்பெனியில் இருந்த தென்னரசுவை அவன் செல்லில் கூப்பிட்டாள்.

“டேட்டாவுல சேலை போட்டோவெல்லாம் கெடக்குதுங்க. அதை எடுத்துடுங்க.”

மறுநாளும் பேசினாள். “எடுத்துட்டேங்க. இன்னும் நிக்குதுங்க.”

“எல்லா வருஷத்தையும் ஒண்ணா இழுக்காதீங்க. ஒவ்வொரு வருஷமா ஏத்துங்க.”

அதற்கும் மசியவில்லை என்றாள். ஆடியில் தொடங்கிய பேச்சு ஐப்பசி வரை ஓடியது. நடுநடுவே சினிமா, மழை, சாப்பிட்டாச்சா எல்லாம் வந்து போயின.

“இது போன்ல ஆவாதுங்க. நேர்லயே வரேன்” என்றான் தென்னரசு.

வந்தேவிட்டான். ஸ்வர்ணலதா புதுப்பட்டு கட்டியிருந்தாள். அவன் கீபோர்டில் கை வைப்பதற்குள் முதலாளி ஜெகநாதன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா ரிப்பேரு? அது ஆடி மாசமே சரியாயிடுச்சே! தெனம் ஜல்தியா ரிப்போர்ட் வந்துகினு இருக்குதே!”

ஸ்வர்ணலதாவுக்கு முகம் காது வரை சிவந்துபோனது.

தென்னரசுவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பரவால்லீங்க. நானும் அந்தக் கம்பெனிய விட்டு நின்னு ரெண்டு மாசம் ஆவுது.”