தொண்டைக்கு ஓய்வு

கண்ணாடி அறைக்குள் ஒரு சிறுமியைக் கொண்டுவந்து விட்டபோது, டவாலி மைக்கின் முன்னால் உட்கார்ந்து குக்கர் தள்ளுபடியை முழங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆளில்லாம ஒரு உருப்படி நிக்குது. சீக்கிரம் கூப்பிட்டு ஒப்படைச்சிடுங்க," என்றாள் சூப்பர்வைசர் பெண். சொன்ன வேகத்தில் கூட்டத்துக்குள் மறைந்தும் போனாள்.

கடையில் அவரை யாரும் டவாலி என்று கூப்பிடுவதில்லை. அது கோர்ட்டுப் பெயர். நீதிமன்ற வாசலில் நின்று ஆளை மூன்று தரம் கூப்பிடுகிற வேலை. அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தவர் இன்றுவரை ஒருத்தருமில்லை.

இங்கே அப்படியா? தொலைந்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும். பெற்றவள் ஓடி வருகிறாள், அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

கோர்ட்டைப் பொறுத்தவரை அவர் இப்போது நோயாளி. தொண்டைப் புண், வாயே திறக்கக் கூடாது என்று மருத்துவ விடுப்பு. "ஆபீசுக்கு ஊமை, கடைக்கு வாயாடி. நல்ல வியாதிதான் உங்களுக்கு," என்று வீட்டுக்காரிகூடக் காலையில் சிரித்தாள்.

"யாரோட வந்த பாப்பா?"

"தாத்தாவோட. இங்கேயே உக்காரு, அசையாதேன்னு சொன்னாரு. நான்தான் அசைஞ்சுட்டேன்."

"தாத்தா பேரு?"

சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள்.

"எங்க தாத்தா கோர்ட்டுல பெரிய ஆளு மாமா. அவருதான் எல்லாருக்கும் லீவு குடுப்பாரு."

டவாலி மைக்கிலிருந்து கையை எடுத்தார். அப்போதுதான் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார். முன்பல் இரண்டும் இல்லாத அதே சிரிப்பு. ஹெட்கிளார்க்கின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிற படம். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பாதி சைகையும் பாதி கிசுகிசுப்புமாக லீவு கேட்டு நின்ற அன்று, எதிரே இருந்தவரின் கண்ணைப் பார்க்கத் துணிவில்லாமல் அந்தப் படத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசவே பேசாதீங்க. வீட்ல சம்சாரம் திட்டினாக்கூட பதில் சொல்லாதீங்க," என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார் ஹெட்கிளார்க்.

நல்ல மனுஷன். ஆனால் விதி என்றால் விதி. லீவில் இருந்துகொண்டு வெளியே சம்பளம் வாங்கிய தட்டச்சர் ஒருவரை, இவர் எழுதிப் போட்ட குறிப்புதான் வேலையை விட்டே அனுப்பியது. டவாலிக்கு ஓய்வு பெறும் நாள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. இப்போது வேலை போனால் பென்ஷனும் போச்சு.

டவாலியின் குரலை ஹெட்கிளார்க் தினம் தினம் கேட்கிறவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் யாருடையது என்று சொல்லிவிடுவார். குக்கர் தள்ளுபடியை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை; சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அப்படியில்லை.

டவாலி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கீச்சுக் குரலில் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். யாரும் வரவில்லை.

"இப்படிக் கூப்பிட்டா தாத்தாவுக்குக் கேக்காது மாமா. அவருக்கு ஒரு காது மந்தம்."

இன்னொரு தரம் கூப்பிட்டார். கடை இரைச்சல் அதை அப்படியே விழுங்கிவிட்டது.

சிறுமி சிரிப்பதை நிறுத்தினாள். கண்ணாடிக்கு வெளியே போகிற கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது.

"என்னை விட்டுட்டுப் போயிட்டாரா?"

டவாலி எழுந்து நின்றார். உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டுப் பழக்கமில்லாத மனுஷன். நெஞ்சு தானாக விரிந்தது. சொந்தக் குரலில், முழுப் பெயரையும் இனிஷியலோடு மூன்று தரம் கூப்பிட்டார்.

அதோடு விட்டிருக்கலாம். பழகின வாய் நிற்குமா?

"ஆஜர் ஆகவும்!"

கடை ஒரு கணம் அடங்கிப்போனது. பாத்திரப் பிரிவில் ஒருவர் அவசரமாகச் செருப்பைக் கழற்றினார். பாவம், அவருக்கு என்ன வழக்கோ.

டவாலி முன்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தொலைத்தவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் வருவார்கள். என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தார். ஒன்றும் கூடி வரவில்லை. ஒரு கையால் சிறுமியின் தோளை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கதவு திறக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு திறந்தது. மாடி ஆபீசிலிருந்து இறங்குகிற படிக்கட்டுக் கதவு. கடையில் வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்த வழியாக வர முடியாது.

"தாத்தா!"

ஹெட்கிளார்க் மூச்சு வாங்க நின்றார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். காதில் பேனா. கழுத்தில் நீல நாடாவில் கடை அட்டை. டவாலியின் கழுத்தில் தொங்கியதும் அதே நீல நாடாதான்.

முதலில் கையை நீட்டியவர் ஹெட்கிளார்க். மைக்கை அணைத்தார்.

"தொண்டை எப்படி இருக்கு?"

"இன்னும் சரியாகலீங்கய்யா," என்றார் டவாலி, கிசுகிசுப்பாக.

ஹெட்கிளார்க் மெல்லத் தலையாட்டினார். பேத்தியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

"இவளுக்கும் காய்ச்சல் இன்னும் விடல. பக்கத்துலயே இருந்து பாத்துக்கணுமேன்னுதான் நானும் லீவு."

சிறுமி அண்ணாந்து தாத்தாவைப் பார்த்தாள்.

டவாலி குனிந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பானைத் தண்ணீர் போலக் குளுகுளுவென்று இருந்தது.

"ஆமாங்கய்யா," என்றார். "நல்லா சுடுது."