எரிந்த ஆல்பத்துக்கு மறுபடியும் ஒரு கல்யாணம்

இருப்பவர்கள்: ஸ்டூடியோக்காரர், புருஷன், பெண்டாட்டி, நாத்தனார்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து வெள்ளைத் திரையின் பாதியை மஞ்சளாக்குகிறது. போன வருடம் புருஷன் பெண்டாட்டியின் அடுக்குமாடி வீடு பற்றி எரிந்ததில் ஆல்பம் சாம்பலாகிவிட்டது. அதனால் இன்று நிச்சயதார்த்தத்தையும் கல்யாணத்தையும் பொய்யாக நடத்திப் படமெடுக்கிறார்கள். உடை நாத்தனாருடையது, கோட்டு ஸ்டூடியோவுடையது, பூ பிளாஸ்டிக். தீப்பிடித்த அன்று குளியலறையின் தாழ்ப்பாள் இறுகி, பெண்டாட்டி உள்ளே மாட்டிக்கொண்டாள். புருஷன் கதவை உடைத்துத் தூக்கி வந்தான். அதன்பின் அவள் எந்தக் கதவுக்கும் தாழ் போட்டதில்லை. குளிக்கும்போதுகூட அவன் வாசலில் காவல் நிற்க வேண்டும். அவளுடைய வலது கன்னம் முழுக்கத் தழும்பு. இப்போது அவன் அந்தப் பக்கமாகப் போய் ஒட்டி நிற்கிறான்.

“நிச்சயத்துல இந்தப் பக்கமா நின்னே?” என்கிறாள் பெண்டாட்டி.

“ஞாபகம் இல்ல.”

“புளுகாதே. மறைக்கத்தானே நிக்கிற? தள்ளு.”

“அண்ணி, அன்னிக்கு அண்ணன் மூஞ்சிய உர்ருன்னு வச்சிருந்தான். இப்பவாவது சிரிக்கச் சொல்லுங்க” என்கிறாள் நாத்தனார்.

“சண்டை முடிஞ்சா சொல்லுங்க” என்கிறார் ஸ்டூடியோக்காரர்.

அவன் இடம் மாறுகிறான். வெயில் நேராகத் தழும்பில் விழுகிறது. அவள் முகத்தைத் திருப்பவில்லை. கேமரா சொடுக்குகிறது.

“அடுத்து கல்யாணம். உடை மாத்திட்டு வாங்கம்மா.”

அவள் பையோடு பக்கத்து அறைக்குப் போகிறாள். வழக்கம்போல அவனும் பின்னாலேயே போகிறான்.

“நீ எங்க வர்ற? நமக்கு இன்னும் கல்யாணமே ஆகல” என்கிறாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பெண்டாட்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறாள்.