கொண்டமுச்சுப் படம்
கடலைக்கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த துளசம்மா நிமிர்கிறாள். மேட்டில் கருமுகக் கொண்டமுச்சுக் குரங்கின் பிளெக்ஸ் படம் காற்றில் படபடக்கிறது. மகன் பெங்களூர் கம்பெனிக்குப் போனபின் காவலுக்கு ஆளில்லாமல், செம்முகக் குரங்குகளை மிரட்ட அவள் புருஷன் மொகிலி கட்டியது. நாலு நாள்தான் மிரண்டன. அதனால் இன்று விடியலில், பூச்சி கொல்லும் குருணை மருந்து திணித்த வாழைப்பழங்களைப் படத்தின் காலடியிலேயே வைத்திருக்கிறான். இப்போது மஞ்சள் வெயிலில் நிஜக் கொண்டமுச்சு ஒன்று மலைச்சரிவிலிருந்து இறங்கி வருகிறது. ரோடு போட அத்தியையும் புளியையும் வெட்டிய பிறகு மலையில் கொண்டமுச்சுக் கூட்டமே இல்லை. இது ஒற்றை; வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. படத்தின் எதிரே உட்கார்ந்து அதன் கன்னத்தில் மெல்லப் பேன் பார்க்கிறது. பிறகு பழத்தை எடுக்கிறது. “யோவ், ஆஞ்சநேயருய்யா! மருந்து பழத்த எடுத்துக்கினு கீது!” துளசம்மா கத்திக்கொண்டே ஓடுகிறாள். “துன்னாத சாமி, போ, போ!” வரப்பிலிருந்து மொகிலி கல்லை வீசுகிறான். பழம் பிடித்த கை பாதியில் நிற்கிறது. கொண்டமுச்சு அவர்களைப் பார்க்கிறது. திரும்பிப் படத்தைப் பார்க்கிறது. படம் ஓடவில்லை. அதுவும் ஓடவில்லை.